தற்புகழ்ச்சியும் அவையும்

காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தை விரித்துரைக்கும் பட்டினப்பாலை, அந்நகரில் ஆடிய கொடிகளையும் வகைப்படுத்திக் கூறுகின்றது. தெய்வம் உறையும் வாயிலில் ஒரு கொடி. துறையில் நின்ற நாவாய்களின் பாய்மரத்தில் ஒரு கொடி. கள் விற்பார் மனைமுன் ஒரு கொடி. கற்றுத் துறைபோய ஆசிரியர் வாதம் செய்யக் கருதி உயர்த்திய கொடி மற்றொன்று. வணிகனும் புலவனும் ஒரே நகரில், ஒரே வானின்கீழ், தத்தம் வரவைக் கொடியால் அறிவித்தனர். கள் விற்பவன் கொடி நட்டதையோ ஆசிரியன் கொடி நட்டதையோ அப்புலவர் பழித்தாரல்லர். கொடி தன்னை உயர்த்தியவன் இன்னான் என்பதை மறைப்பதில்லை. கீழ்நின்று காண்பவன் கள்ளை விரும்பினால் அங்கே செல்வான். வாதத்தை விரும்பினால் இங்கே செல்வான். இரண்டையும் விரும்பாதவன் தன் வழியே போவான். ஒருவன் தன்னைப் பிறர்க்கு அறிவித்துக் கொள்வது குற்றமன்று. அறிவிப்பவன் யார் என்பதை மறைப்பதே குற்றமாகும் என்னும் உண்மை இக்காட்சியினின்றே பெறப்படும்.

இற்றைநாட் கடைத்தெரு இணையத்தில் அமைந்துள்ளது. அங்கே மக்கள் தனித்தனியே உலவுவதோடு அமையாது, ஒத்த விருப்பமும் ஒத்த தொழிலும் உடையோராய்க் கூடிக் குழுமங்களாகவும் வாழ்கின்றனர். பயிர் வளர்ப்போர், நூல் விரும்புவோர், கணினி கற்போர், ஒரே நோயால் வருந்துவோர் எனப் பல்லாயிரம் குழுமங்கள் உள. அறியாதவன் வினவுகின்றான், அறிந்தவன் விடையளிக்கின்றான், விடையளிப்பவன் கூலி கேட்பதில்லை. இந்த நம்பிக்கையே குழுமத்தின் முதல். எங்கே நம்பிக்கை திரண்டு நிற்கின்றதோ அங்கே வாணிகமும் புகழ் வேட்கையும் சென்று சேர்தல் இயல்பு. வணிக நிறுவனங்களும் தனி மனிதரும் அவ்விடங்களிற் புகுந்து தம்மைப் புகழ்ந்துகொள்ளும் முறைகள் யாவை, அவற்றுள் தக்கவை எவை, தகாதவை எவை என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு வேண்டும் அளவுகோல் தமிழ் இலக்கண மரபிலேயே கிடைக்கின்றது.

நன்னூலார் வகுத்த விதி

பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் ஆராயுமுன் பாயிரத்தை ஆராய்கின்றது. மாடத்துக்கு ஓவியமும் நகரத்துக்குக் கோபுரமும் எவ்வாறு இன்றியமையாதனவோ, அவ்வாறே நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது அந்நூலின் கொள்கை. ஒரு நூலின் பெருமை அதனைக் கற்பார்க்கு முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும் என்பதை நன்னூலார் மறுத்தாரல்லர். ஆயின் அவ்வறிவிப்பைச் செய்யத்தக்கவர் யாவர் என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர். நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவன் மாணாக்கன், அந்நூலுக்கு உரைகண்டவன் ஆகிய நால்வரே சிறப்புப்பாயிரம் செய்தற்குரியர். அடுத்துவரும் சூத்திரம், ஒருவன் அரிய பொருளைப் புதிதாகக் கண்டு பல துறைகளை முடித்தானாயினும், தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என விலக்குகின்றது.

இவ்விலக்கோடு அவர் நின்றுவிடவில்லை. நான்கு இடங்களில் தற்புகழ்ச்சி தகும் என மறுசூத்திரத்தால் இடந்தருகின்றார். அரசன் அவைக்கு ஓலை விடுக்கும்போது ஒன்று. தன் ஆற்றலை அறியாதார் நடுவில் இருக்கும்போது ஒன்று. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுது ஒன்று. எதிரி தன்னைப் பழித்தபோது ஒன்று. இந்நான்கையும் ஒருங்குவைத்து நோக்கின் அவற்றுக்குப் பொதுவான இயல்பு ஒன்று புலனாகும். நான்கிலும் பேசுபவன் தன் பெயரோடு பேசுகின்றான். நான்கிலும் கேட்பவர்க்கு மறுத்துரைக்கும் வாய்ப்பு உண்டு. நான்கிலும் அவன் கூற்றின் உண்மை உடனே சோதனைக்கு உள்ளாகும். அறியார் நடுவே தன்னை வல்லான் எனக் கூறியவன் அங்கேயே தன் வன்மையைக் காட்டியாக வேண்டும். ஆகவே தற்புகழ்ச்சிக்கு நன்னூலார் விதித்த நிபந்தனை, அடக்கம் என்பதினும் பொறுப்பு என்பதே பொருந்தும்.

பிறர் புகழ்தற்கு வகுத்த நால்வரையும் இவ்வாறே நோக்குக. நால்வரும் நூலையும் நூலாசிரியனையும் நெருங்கி அறிந்தவர். பொய் கூறின் அவர்தம் புலமைப் பெயரே கெடும். தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் செய்த பனம்பாரனாரை அந்நூலாசிரியரோடு ஒருங்கு கற்றவர் என மரபு கூறும். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்ப அந்நூல் அரங்கேறியதை அப்பாயிரமே சொல்கின்றது. புகழுரையும் சோதனையும் ஒரே செய்யுளில் இணைந்து நிற்றல் கருதத்தக்கது.

இணைய அவையில் தன்னை உரைத்தோர்

இவ்வளவுகோலைக் கொண்டு இணைய உலகை நோக்குவோமாயின் முதலில் எதிர்ப்படுவோர் தம்மைப்பற்றித் தாமே பேசினோர். அவருள் மிக உயர்ந்த எடுத்துக்காட்டு லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர். பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த அவர், 1991 ஓகஸ்ட் 25ஆம் நாள், மினிக்ஸ் என்னும் கணினி இயக்க முறைமையைப் பயில்வோர் கூடிய குழுமத்தில் ஒரு சிறு அறிவித்தல் வெளியிட்டார். தாம் ஓர் இயக்க முறைமையை எழுதி வருவதாகவும், அது வெறும் பொழுதுபோக்கே என்றும், பெரிதாக வளரப்போவதில்லை என்றும் அதிற் கூறினார். மினிக்ஸில் உறுப்பினர்க்குப் பிடித்தவை எவை, பிடிக்காதவை எவை எனவும் வினவினார். தமிழ்ப் புலவர் நூன்முகத்துக் கூறும் அவையடக்கத்தை அறிந்தவர்க்கு இவ்வறிவித்தல் புதிதாகத் தோன்றாது. தன் சிறுமையை முன்வைத்து, அவையின் பெருமையை ஏற்று, குறை காணுமாறு வேண்டுதலே அவையடக்கத்தின் கூறுகள். அவை மூன்றும் இங்கு உள. அன்று பொழுதுபோக்கெனப்பட்ட அம்முறைமையின் கருவே பின்னர் ஆண்ட்ரொயிட் தொலைபேசிகளின் அடித்தளமாயிற்று. 2017 நவம்பர் முதல் உலகின் தலைசிறந்த 500 மீகணினிகள் அனைத்தும் அதனையே கொண்டியங்குகின்றன. தம் செயலை அறிவித்தவர் புகழ் கேட்கவில்லை, திருத்தம் கேட்டார். அதனால் அவைக்கு அச்செயலிற் பங்கு உண்டாயிற்று. பங்குடையோர் அதனைத் தமதெனப் பரப்பினர்.

எழுத்தாளர் அண்டி வியர் வரலாறும் இவ்வகையினதே. பதிப்பாளரால் ஏற்கப்படாத நிலையில் இருந்த அவர், செவ்வாய்க் கோளில் தனித்து விடப்பட்ட ஒருவனைப்பற்றிய 'த மார்ஷியன்' என்னும் நாவலை 2009 முதல் தம் இணையத்தளத்தில் அதிகாரம் அதிகாரமாக வெளியிட்டார். வாசகருள் அறிவியல் அறிந்தோர் இருந்தனர், அவர்கள் கணக்கிலும் வேதியியலிலும் கண்ட பிழைகளைச் சுட்டினர், ஆசிரியர் திருத்தினார். பின்னர் வாசகர் வேண்டியதற்கிணங்க 99 சத விலையில் மின்னூலாக்கினார். 2014இல் பெரும் பதிப்பகம் ஒன்று அதனை அச்சிட்டது. 2015இல் அது திரைப்படமாயிற்று. அரங்கேற்றம் என்னும் பழைய வழக்கம் வேறு நாட்டில், வேறு உருவில் மீண்டும் நிகழ்ந்ததாகவே இதனைக் கொள்ளலாம்.

இவற்றுக்கு மறுதலையான நிகழ்ச்சி 1994 ஏப்பிரல் 12ஆம் நாள் நடந்தது. அரிசோனா மாநிலத்து வழக்கறிஞர் இணையர் இருவர், அமெரிக்கக் குடிவரவுச் சீட்டுக்குலுக்கலுக்குத் தாம் ஆற்றும் சேவையை விளம்பரப்படுத்த, யூஸ்நெற் என்னும் வலையமைப்பின் 5,000க்கு மேற்பட்ட குழுமங்களில் ஒரே விளம்பரத்தை ஒரே நேரத்தில் இட்டனர். இசையை ஆராய்ந்த குழுமத்துக்கும் கணிதத்தை ஆராய்ந்த குழுமத்துக்கும் அவ்விளம்பரம் ஒப்பவே சென்றது. உறுப்பினர் சினந்தனர். இணையர் வருந்தினாரல்லர், அவ்வழியாற் செல்வம் ஈட்டுவது எவ்வாறு என அவ்வாண்டிலேயே ஒரு நூலும் எழுதினர். இவர்கள் தம் பெயரை மறைக்கவில்லை. கொடியை உயர்த்தியே வந்தனர். அங்ஙனமாயின் அவர் செய்த பிழை யாது? கேட்போர் யார் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவற்றுள் 'கேட்போர்' என்பதும் ஒன்று. ஒரு நூல் யாருக்கு உரியது என்று வரையறுப்பது நூலாசிரியன் கடமை. கேட்போரை வரையறுக்காத அறிவிப்பு, கொடியாகாது இரைச்சலாகும்.

இங்கு ஒப்பிடத்தக்க வேறிரு நிகழ்ச்சிகள் 2012இல் ரெடிற் என்னும் இணைய அவையில் நடந்தன. யாரும் எதனையும் வினவலாம் என்னும் உரையாடல் முறை அங்கு உண்டு. அவ்வாண்டு பெப்ரவரியில் நடிகர் வூடி ஹரல்சன் 'ரம்பாட்' என்னும் தம் திரைப்படத்தின் பொருட்டு அங்கு வந்தார். வந்தோர் பலவும் வினவ, அவர் படத்தைப்பற்றியே பேசுமாறு திருப்பினார். அவையோர் அவர் விடையளிக்க வரவில்லை, விற்கவே வந்தார் என்று கண்டனர். அந்நாள் முதல் அப்படத்தின் பெயர், தோல்வியுற்ற தன்விளம்பரத்துக்கு அவ்வவையில் ஒரு பழமொழிபோல ஆயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள், தேர்தற்காலத்தில், அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா அதே அவைக்கு வந்தார். அவர் ஏறத்தாழ அரைமணி நேரமே இருந்தார். சில வினாக்களுக்கே விடையிறுத்தார். அவர் நோக்கமும் வாக்குத் தேடுதலே. எனினும் வினவப்பட்ட பொருளை ஒட்டி விடை சொன்னமையின் அவையோர் அவரை வரவேற்றனர். இருவரும் தந்நலம் கருதியே வந்தனர் என்பதில் வேற்றுமையில்லை. ஒருவர் அவையின் விதியை ஏற்றார், மற்றவர் ஏற்கவில்லை. இதுவே வேற்றுமை. அவ்வவையில், ஒருவர் இடும் பத்துப் பதிவுகளுள் ஒன்றுக்குமேல் தம்முடையதைப்பற்றி இருத்தலாகாது என்னும் வழிகாட்டி நெடுங்காலம் வழங்கிற்று. அது பெயரளவில் எண்ணைப்பற்றிய விதி; உண்மையில், பெறுபவன் முன்னர்க் கொடுப்பவனாதல் வேண்டும் என்னும் அறமே அதன் உட்பொருள்.

பிறர் வாயாற் பெற்ற புகழ்

வணிக நிறுவனங்களுள் அறிவுடையன, தாம் பேசுவதிலும் பயன்படுத்துவோர் பேசுவதே சிறந்தது என்பதை விரைவில் உணர்ந்தன. சீன நாட்டுச் சியோமி நிறுவனம் 2010இல் தோன்றியபோது அதனிடம் விற்பதற்குத் தொலைபேசி இருக்கவில்லை. தொலைபேசியில் இயங்கும் மென்பொருளையே அது முதலில் வெளியிட்டது. அதனைத் தொடக்கத்திலேயே ஏற்றுச் சோதித்த 100 பேரின் பெயர்கள் மென்பொருளின் தொடக்கத் திரையிற் பொறிக்கப்பட்டன. உறுப்பினர் குறை கூறுவர். வாரந்தோறும் திருத்திய மென்பொருள் வெளிவரும். 2011இல் முதற் கைபேசி வந்தபோது அதனைப் புகழ்தற்கு ஆள் தேடவேண்டிய நிலை அந்நிறுவனத்துக்கு உண்டாகவில்லை. 2014இல் அது சீனச் சந்தையில் மிகுதியாகக் கைபேசி விற்கும் நிறுவனமாயிற்று. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் விளையாட்டுக் கட்டைகளுக்குப் புதிய வடிவங்களை மக்களிடமிருந்தே பெறுகின்றது. ஒரு வடிவத்துக்கு 10,000 பேர் ஆதரவளிப்பின் நிறுவனம் அதனைப் பரிசீலிக்கும்; உற்பத்தி செய்யத் தேர்ந்தால் வடிவமைத்தவருக்கு நிகர விற்பனையில் நூற்றுக்கு ஒரு பங்கு உரியது. தம் வடிவத்துக்கு ஆதரவு தேடும் ஒவ்வொருவரும் லெகோவுக்கும் விளம்பரம் செய்கின்றார் என்பது உண்மையே. ஆயின் அவ்வுழைப்புக்கு விலையும் பெயரும் வெளிப்படையாக உள்ளமையின் அதனை வஞ்சனை என்றல் பொருந்தாது. நன்னூலார் குறித்த 'ஒருங்கு கற்றவன்', 'மாணாக்கன்' ஆகியோரின் இடத்தில் இங்கு நிற்போர் ஒருங்கு உழைத்தோர். அறிந்தவர் புகழ்தல் என்னும் அடிப்படை மாறவில்லை.

இத்தகைய கூட்டுமுயற்சி தமிழ் நாட்டுக்கும் ஈழத்துக்கும் புதிதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, பழைய ஏடுகள் சிதைந்தழியும் நிலையைப் பதிப்புரையில் எடுத்துரைத்துத் தமிழ் மக்களின் ஆதரவை வேண்டினார். அதே ஆண்டில் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், நூல் அச்சேறுமுன்னரே பலரிடம் கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். இருவரும் தம் உழைப்பை உலகறியச் செய்தவரே. தம் ஆற்றலை உணராதார் நடுவில் தன்னைக் கூறலாம் என்னும் விதி அவர்க்கு முற்றும் பொருந்தும். அவர் கூறியதற்குச் சான்றாக நூல் கைக்கு வந்தது.

கொடியில்லாத கடைகள்

இனிக் குற்றமெனக் கொள்ளத்தக்கவை ஆராயப்படும். 2006இல், அமெரிக்காவில், ஊர்தி ஒன்றில் நாடு சுற்றி வால்மார்ட் கடைகளின் முன் இராத்தங்கிய இணையர் இருவர் தம் பயணத்தை இணையத்தில் எழுதிவந்தனர். வழியில் அவர் கண்ட கடை ஊழியர் யாவரும் மனநிறைவுடையோராகவே காட்டப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் உண்மை வெளிப்பட்டது. அப்பயணத்துக்குப் பொருள் கொடுத்தது, வால்மார்ட்டின் ஆதரவில் அதன் விளம்பர முகவர் நிறுவனம் அமைத்த ஓர் அமைப்பு. முகவர் நிறுவனத்தின் தலைவர் பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவ்வெழுத்துகளில் தனித்தனியே நோக்கின் பொய்யான வாக்கியம் ஒன்றும் இல்லாதிருந்திருக்கலாம். ஊழியர் சிலர் உண்மையிலேயே மகிழ்ந்திருக்கலாம். எனினும் முழுவதும் பொய்யாயிற்று. எழுதியோர் வழிப்போக்கர் எனத் தோன்றினர், உண்மையில் ஏவப்பட்டவராயிருந்தனர். கொடியில்லாத கடை என இதனைக் கூறலாம்.

இதனினும் கொடியது, தன்னைப் புகழ்வதோடு பிறனைப் பழிக்கவும் ஆள் அமர்த்துதல். தாய்வானில் சம்சுங் நிறுவனத்தின் சார்பில் கூலி பெற்றோர், சாதாரணப் பயனர் போன்று இணையத்தில் அந்நிறுவனப் பொருளைப் புகழ்ந்தும் போட்டியாளர் பொருளைத் தாழ்த்தியும் எழுதினர் என்று கண்ட அந்நாட்டு வாணிக ஆணைக்குழு, 2013 ஒக்டோபரில் ஒரு கோடித் தாய்வான் டொலர் தண்டம் விதித்தது. மறுதலை பழித்தபோது தன்னைப் புகழலாம் என்பது நன்னூல். மறுதலையைத் தானே மறைந்துநின்று பழித்துவிட்டுத் தன்னைப் புகழ்தல் அவ்விதியைத் தலைகீழாக்குதல்.

மூன்றாவது வகை, புகழுடையோர் கூலிக்குப் புகழ்தல். 2016 டிசம்பரில் இன்ஸ்டகிராமில் அழகியரும் புகழ்பெற்றோரும் பலர் ஒரே செம்மஞ்சள் நிறப் படத்தை ஒருசேர வெளியிட்டனர். பஹாமாசுத் தீவொன்றில் நடக்கவிருந்த ஃபயர் இசைவிழாவுக்கான விளம்பரம் அது. 2017 ஏப்பிரலில் பெரும்பணம் கொடுத்து அங்குச் சென்றோர் கண்டவை கூடாரங்களும் குழப்பமுமே, விழா நடைபெறவில்லை. அமைப்பாளர் வஞ்சனைக் குற்றத்துக்காக 2018இல் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். புகழ்ந்தோருள் எவரும் தாம் புகழ்ந்ததைக் கண்டிருக்க இயலாது. ஏனெனில் அவ்விழா அன்று உலகில் இல்லை. 2022 ஒக்டோபரில், ஒரு மறைகுறி நாணயத்தைப் புகழ்ந்து பதிவிட 2,50,000 டொலர் பெற்றதை வெளியிடாமைக்காக நடிகை கிம் கர்தாஷியன் 12,60,000 டொலர் செலுத்த உடன்பட்டு அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழுவோடு தீர்வு செய்துகொண்டார். இங்கும் சிக்கல் கூலியன்று, கூலியை மறைத்தல்.

ஈண்டு ஒரு தடை எழும். பண்டைப் புலவர் பரிசில் பெற்றுப் பாடவில்லையா? வள்ளலைப் பாடிப் பொருள் பெற்றவரைப் போற்றிவிட்டு, இன்று பணம் பெற்றுப் புகழ்வோரைப் பழித்தல் நடுவுநிலைமையாகுமா? இது தள்ளிவிடத்தக்க தடையன்று. பரிசில் வேண்டிப் பாடிய புலவன் தான் பரிசிலன் என்பதைப் பாட்டிலேயே கூறிவிடுகின்றான். தன் வறுமையையும் வேண்டுதலையும் அவன் மறைப்பதில்லை. கேட்போன் அதனை அறிந்தே கேட்கின்றான். புகழுரையில் மிகை எவ்வளவு, உண்மை எவ்வளவு எனத் தானே தள்ளிக் கொள்கின்றான். ஆகவே ஆற்றுப்படை பாடிய புலவனும் மறைந்துநின்று புகழும் இணையக் கூலியாளனும் ஒருதன்மையர் அல்லர்.

ஆயினும் தமிழ் மரபு முற்றும் குற்றமற்றது எனக் கொள்ளுதலும் உண்மைக்கு மாறாம். அச்சு நூல்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாற்றுகவி பெறுதல் ஒரு வழக்கமாய்ப் பரவிற்று. பல நூல்களின் முகப்பில் வித்துவான்கள் பலரின் செய்யுள்கள் நிரைநிரையாக நின்றன. நூலை ஆய்ந்து பாடியவர் சிலர். நட்புக்காகப் பாடியவர் பலர். இன்று இவர்க்கு அவரும் நாளை அவர்க்கு இவரும் எனக் கைம்மாறாகப் பாடியோரும் உண்டு. அதனால் விளைந்த கேடு யாதெனின், சாற்றுகவியின் எண்ணிக்கை வளர அதன் மதிப்புத் தேய்ந்தது. நல்ல நூலுக்கும் தீய நூலுக்கும் ஒரே புகழ் கிடைக்குமாயின் புகழ் பொருளற்ற ஓசையாகும். இணையத்தில் விலைக்கு வாங்கப்படும் மதிப்புரைகளுக்கும் விருப்பக் குறிகளுக்கும் நேர்வது இதுவே.

சட்டமும் அவையின் உடைமையும்

அரசுகள் இதனை அறியாமல் இல்லை. பொருளோ பணமோ பெற்றுப் பரிந்துரைப்போர் அத்தொடர்பை வெளியிட வேண்டும் என ஐக்கிய அமெரிக்க வாணிக ஆணைக்குழு 2009இல் தன் வழிகாட்டிகளை இணையத்துக்கும் விரித்தது. பொய் மதிப்புரைகளை விற்றலையும் வாங்கலையும் தடுக்கும் விதியை 2024 ஓகஸ்டில் வெளியிட்டது. இந்திய அரசும் 2023 ஜனவரியில் இணையச் செல்வாக்காளர்க்கு இத்தகைய வழிகாட்டிகளை வகுத்தது. கொடியை உயர்த்துக என்பதே இவற்றின் சாரம்.

சட்டத்தாற் தீராத சிக்கல் ஒன்றும் உண்டு. பாண்டியன் அவையில் புலவர் எத்துணை நேரம் பேசினார், எத்துணைப் பேர் கைதட்டினர் என்பவற்றால் அரசனுக்கு வருவாய் இல்லை. இன்றைய இணைய அவைகளோ நிறுவனங்களின் உடைமை. கூட்டம் பெருகினால் விளம்பர வருவாய் பெருகும். பேசியது மெய்யா பொய்யா என்பதிலும், எத்துணைப் பேர் நின்று நோக்கினர் என்பதே அவற்றின் கணக்கு. ரெடிற் நிறுவனம் 2024 மார்ச்சில் நியூயோர்க் பங்குச் சந்தையிற் சேர்ந்தது. உறுப்பினர் எழுதியவற்றைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு உரிமம் அளித்துப் பொருள் ஈட்டவும் தொடங்கியது. கூலி கேளாமல் ஒருவர்க்கொருவர் சொன்ன நல்லுரையே விற்பனைப் பொருளாயிற்று. அவைத்தலைவனே கடைக்காரனும் ஆனபோது நடுவுநிலையை அவனிடம் மட்டும் எதிர்பார்த்தல் இயலாது. அவையோரும் அதனைக் காக்க வேண்டியவராகின்றனர்.

இதனால் இழப்புறுவோர் யார்? பெருநிறுவனங்களுக்கு வேறு வழிகள் உண்டு. வேறு வழியில்லாதவர் எளியோரே. வீட்டிலிருந்து பனாட்டும் ஊறுகாயும் செய்து முகநூல் வழியாக விற்கும் ஒரு பெண்ணுக்கு மாளிகைக் கடையும் இல்லை, செய்தித்தாள் விளம்பரத்துக்குப் பணமும் இல்லை. வாங்கியவர் நால்வர் நன்றென எழுதுவதே அவளின் முதல். முதல் நூல் வெளியிடும் இளைஞனின் நிலையும் அதுவே. தன் ஆற்றல் உணராதார் நடுவில் நிற்கும் இவர்க்கே தற்புகழ்ச்சியை நன்னூலார் அனுமதித்தார். விலைக்கு வாங்கிய புகழ் நிறைந்த அவையில் உண்மையான நான்கு சொற்களையும் எவரும் நம்பார். பொய்ப்புகழ் வாங்குபவன் தன் பொருளை மட்டும் விற்பதில்லை. பிறர் சொல்லின் மதிப்பையும் சேர்த்து விற்றுவிடுகின்றான். நம்பிக்கை ஊருணி நீர் போன்றது. அதில் ஒருவன் கலக்கிய சேற்றை ஊர் முழுதும் பருகும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், அவையில் தன்னை உரைப்பவன் காக்க வேண்டியவை நான்கு எனலாம். தான் இன்னான் என்பதை மறையாமை ஒன்று. கேட்போர் யாவர் என அறிந்து அவர்க்குரியதையே கூறுதல் இரண்டு. மறுப்பையும் திருத்தத்தையும் ஏற்றல் மூன்று. புகழ்வோர்க்குப் பொருள் கொடுத்திருப்பின் அதனை வெளியிடுதல் நான்கு. ஹெல்சிங்கி மாணவரிடம் முதல் மூன்றும் இருந்தன. நான்காவதற்கு அவர்க்குத் தேவை உண்டாகவில்லை. வழக்கறிஞர் இணையரிடம் முதலாவது மட்டும் இருந்தது. வால்மார்ட் பயணத்தில் அதுவும் இல்லை. புகழ் ஈட்டியவர்க்கும் இழந்தவர்க்கும் இடையே உள்ள தொலைவு, அவர்தம் செல்வத்தாலோ கருவியாலோ ஆயதன்று. இந்நான்கனுள் எத்தனையைக் காத்தனர் என்பதனால் ஆயது.

புகாரின் கொடிகள் கடல்கோளோடு மறைந்தன. கொடியின் கீழ் நின்று வாதிட்ட ஆசிரியனின் இயல்பு மறையவில்லை; இணையக் குழுமம் ஒன்றில் தன் பெயரோடு வந்து, தன் செயலைக் காட்டி, குறை கூறுக என வேண்டுபவன் எவனோ அவனிடத்தில் அது இன்றும் உளது. அத்தகையோன் உயர்த்தும் கொடியைக் காண்பவர் ஐயமின்றி அதன்கீழ்ச் செல்லலாம்.